ஆட்கள்: 4

ராத்திரி பதினொன்றே கால். மல்லாங்கிணறு ரோடு.

ஒரு பைக். ஒரே ஆள். முதுகில் பை, பைக்குள் லேப்டாப். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வேலிக்கருவை, நடுவில் ஹெட்லைட் வெளிச்சம் விழுகிற அளவுக்கு மட்டும் ரோடு. கடைசி பஸ் போய் வெகு நேரம். அதற்கு மேல் அங்கே வருகிறவன் வழி தவறியவனாக இருப்பான். இல்லையென்றால் நாலு பேருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்யப் போகிறவனாக இருப்பான்.

ஹாமித் இரண்டாவது ரகம்.

நம்ம தவுபிக்கின் சாச்சா மகன், சித்தப்பா பிள்ளை. தவுபிக்கை உங்களுக்குத் தெரியும், இந்த பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் எட்டு வருஷம் நம்மோடு இருந்தவன். பொய் சொல்ல வராது அவனுக்கு. லீவு கேட்கும்போதுகூட உண்மைக் காரணத்தைச் சொல்லித் திட்டு வாங்குவான். இதில் பாதி அவன் சொன்னது. மீதி நானே போய்ப் பார்த்தது.

கரண்டு வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த எமர்ஜென்சி லைட்டை அணைத்துவிடுங்கள், சார்ஜ் வீணாகிறது. கிட்ட வாருங்கள். அந்தக் கட்டின் மேல் உட்கார வேண்டாம், காலண்டர் தாள், முனை மடங்கினால் காலையில் முதலாளி கத்துவார்.

ஹாமித்தின் அத்தா முகைதீனுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. மகன் கடையில் உட்கார மாட்டேன் என்றான். கிடார் வாசித்தான், பாட்டு எழுதினான், அவனே பாடினான். கூட மூன்று பேர். ராம்குமார், நம்மைப் போல ஆப்செட் மெஷின்காரன், அவன் பேஸ் கிடார். ஊர்க்காவலன், செல்போன் கடை, லேப்டாப்பில் பதிவு செய்வது அவன் வேலை. பாண்டி டிரம்ஸ். பகலில் பட்டாசுக் கம்பெனி, ராத்திரியில் டிரம்ஸ். இரண்டிலும் காது போய்க்கொண்டிருந்தது.

ராக் பேண்டு. பேர் ‘நாலு கதவு’. ஊரில் சொன்னால், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவீர்களா, வாத்தியக் கோஷ்டி எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஆனாலும் விடவில்லை. எட்டுப் பாட்டு, ஒரு ஆல்பம், தீபாவளி முடிந்ததும் வெளியிடுவது என்று இருந்தார்கள். எட்டும் ஹாமித் எழுதியது. இரண்டு வருஷமாக ஒரே நோட்டில் எழுதி, அடித்து, எழுதி… அந்த நோட்டைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவான்.

பதிவு செய்ய இடம் பிடித்ததும் ஹாமித்தான். அத்தாவுக்குப் பழக்கமான ஒருவரின் பட்டாசுக் கம்பெனி. மூடி ஆறு வருஷம். ரோட்டிலிருந்து மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் உள்ளே. பட்டாசு ரூம்கள்தான் தெரியுமே, ஒன்றுக்கொன்று எட்டி எட்டி, தனித்தனியாக நிற்கும், ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்தது பிடிக்காமல் இருக்க. பஸ் ஹாரன் இல்லை, நாய் இல்லை. கரண்டும் கிடையாது, வெடிமருந்து ரூமுக்குள் என்றைக்குமே கரண்டு கொடுக்க மாட்டார்கள். லோடு ஆட்டோவில் இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழாம் நம்பர் ரூம். நான்கு பக்கமும் கதவு. பேண்டுக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

அந்த ரூமில் தீப்பிடித்து மூன்று பெண்கள் செத்திருக்கிறார்கள். வெடிக்கவில்லை, பிடித்து எரிந்தது. அதனால் சுவர் நின்றது. பேப்பர் குழாய் உருட்டுவது ஒரு இடம், அதில் மருந்து அடைப்பது வேறு இடம் என்பது சட்டம். சீசன் ஆர்டர் நெருக்கியதால் இரண்டையும் ஒரே ரூமில் செய்ய வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் வேலை செய்த ரூம். ஒருத்தி தண்ணீர் குடிக்க வெளியே போனாள். குடத்தைச் சாய்க்கும்போது முதுகில் வெக்கை அடித்தது. அவள் பேர் சண்முகத்தாய். பாண்டியின் அம்மா.

பாண்டிக்கு இது தெரியாதா? தெரியும். ஹாமித்துக்கும் தெரியும். இந்தப் பக்கம் ஆள் சாகாத ரூம்தான் வேண்டும் என்று தேடினால் ஆல்பம் எடுக்க முடியாது. பாண்டி டிரம்ஸை இறக்கினான். ஆனால் ஒன்று. வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருப்பார்கள், உள்ளே நுழையும் முன் அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்குப் போய்விடும். கம்பெனி மூடிய மாதமே தகட்டை எவனோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். ஆணி ஓட்டை நான்கு மட்டும் இருந்தது. பாண்டி ஒவ்வொரு தடவையும் அந்த வெறும் சுவரில் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். பழக்கம். ஹாமித் வைக்க மாட்டான். வத்தல் கடைப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்.

ஐந்தாவது ஆள் வந்தது மூன்றாவது வாரத்தில்.

எழில். பாண்டியின் தங்கை, இன்னொரு கம்பெனியில் குழாய் உருட்டுகிறவள். வேன் அவளை ரோட்டில் இறக்கிவிட்டது, அண்ணனுக்குச் சோற்று வாளியோடு நடந்து வந்தாள். உள்ளே ஹாமித் மூன்றாவது பாட்டில் ஒரு வரியில் சிக்கி நின்றான். உச்சிக்குப் போகிற வரி. பன்னிரண்டு தடவை பாடியும் தொண்டை பிசிறியது. பதின்மூன்றாவது தடவை அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்… வாசலில் நின்றுகொண்டு, வாளியைக் கீழே வைக்காமல், அந்த வரியை அவள் பாடிவிட்டாள். வேண்டுமென்று இல்லை. வேலை செய்யும் இடத்தில் பக்கத்து ஆள் விட்டதை எடுத்துப் பாடுவார்களே, அந்த மாதிரி.

ஊர்க்காவலன் பதிவை நிறுத்தவில்லை. திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். நான்கு தடவை. நான்கு தடவையும் ஒருத்தனும் ஹாமித்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ராம்குமார் சொன்னான். “மாப்ளே, நீ ரெண்டு வருசமா எழுதுனது இந்தப் புள்ளைக்குத்தாம்ல போல.”

பாராட்டாகத்தான் சொன்னான். சில பாராட்டு செருப்பால் அடித்ததைவிட அதிக நாள் வலிக்கும்.

ஒரு நிமிஷத் துண்டை ஊர்க்காவலன் நெட்டில் போட்டான். இரண்டு நாளில் ஊரே கேட்டது. யார் இந்தப் பொண்ணு, யார் இந்தப் பொண்ணு என்று அத்தனை பேரும் எழுதினார்கள். யார் எழுதின பாட்டு என்று ஒருத்தன் கேட்கவில்லை. ஹாமித் அத்தனையையும் படித்தான். போர்வைக்குள் படுத்துக்கொண்டு அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டுக் கேட்டுக் குற்றம் தேடினான். ஒரு இடத்தில் மூச்சு தப்பாக எடுக்கிறாள் என்று கண்டுபிடித்து மறுநாள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். அவள், “சரிண்ணே” என்று அடுத்த தடவையே திருத்திப் பாடினாள். அது அவனுக்கு இன்னும் எரிந்தது. ராம்குமார் பருத்திப்பால் வாங்கி வந்தால் முதல் கிளாஸ் யாருக்குப் போகிறது என்று பார்த்தான். பகலில் கடைக் குடோனில், வத்தல் மூட்டைகளுக்கு நடுவே, யாரும் இல்லாத நேரத்தில் அந்த உச்சி வரியைப் பாடிப் பார்ப்பான். வத்தல் நெடி ஏறி இருமுவான். கண்ணில் தண்ணீர் வரும். நெடியால் வந்ததுதான் என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொள்வான்.

எட்டுப் பாட்டையும் அவளே பாடட்டும் என்று மற்ற மூவரும் முடிவு செய்த அன்றைக்கு, ஹாமித் சுவரைக் காட்டினான். வாசலுக்கு மேல் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. ரூம் 7. ஆட்கள்: 4. அதற்கு மேல் ஒரு ஆள் உள்ளே இருக்கக் கூடாது, சட்டம்.

“நாலு பேர் ஆயிருச்சு. நீ வெளியவே நில்லு” என்றான்.

கேலி மாதிரி சொன்னான். கேலி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாண்டி குச்சியைக் கீழே வைத்தான். ஆனால் எழில் கோபப்படவில்லை. ரூமில் ஐந்தாவது ஆளாக நுழையக் கூடாது என்பது அவளுக்கு ஹாமித் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே, படிக்குக் கீழே, மண்ணில் உட்கார்ந்தாள். மைக் ஒயரை நீட்டிக் கொடுத்தார்கள். அங்கிருந்தே பாடினாள். திறந்த வெளி, காற்று, தூரத்து இருட்டு எல்லாம் குரலோடு சேர்ந்து… முன்பைவிட நன்றாக இருந்தது.

அன்றைக்குக் கிளம்பும்போது அவள் ஹாமித்திடம் ஒரு வார்த்தை சொன்னாள். இதைத் தவுபிக்கிடம் அவளே சொல்லியிருக்கிறாள்.

“அண்ணே, நாலு பேரா வாங்க, நாலு பேரா போங்க. ஆளு கொறைய இங்கன உக்காராதீக. சீசன்ல ரூமுல ஆளு கொறைஞ்சா, கொறைஞ்ச எடத்துக்கு ஆளு வந்துரும்.”

வேலைத்தலத்தில் எல்லோரும் அறிந்த விஷயம்தான். ஒரு ரூமில் மூன்று பேர் இருந்தால் போர்மேன் விடுவாரா? எங்கிருந்தாவது ஒருத்தியை அனுப்பி நான்கு ஆக்கிவிடுவார். ஹாமித் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குத் தன்மேல் பயம் வந்துவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான்.

எட்டுப் பாட்டும் முடிந்த மூன்றாம் நாள். ஊர்க்காவலனிடம், சின்னத் திருத்தம் இருக்கிறது என்று ஹாமித் லேப்டாப்பை வாங்கினான்.

இப்போது அந்தப் பைக்குக்கு வருவோம்.

மண் பாதையில் திரும்பினான். ரூம் வாசலில் வண்டியை அணைத்தான். பேட்டரியும் மைக்கும் உள்ளேயே இருந்தன. சுவரில் கை வைக்கவில்லை. செருப்போடு உள்ளே போனான். காற்று வேண்டும் என்று நான்கு கதவையும் திறந்து வைத்தான். லேப்டாப்பைத் திறந்து முதல் காரியமாக எழில் பாடிய எட்டையும் அழித்தான். அழிக்கவா என்று அது எட்டு தடவை கேட்டது. எட்டு தடவையும் ஆமாம் என்றான்.

ஹெட்போனை மாட்டினான். நோட்டைப் பிரித்து முன்னால் வைத்தான். பாட ஆரம்பித்தான்.

முதல் பாட்டு பாதி இருக்கும்.

டப்…

உலோகத்தில் உள்ளங்கை வைக்கிற சத்தம். ஹெட்போனைக் கழற்றினான். ஒன்றுமில்லை. பூச்சி சத்தம் மட்டும். மாட்டினான். மைக்குக்குக் கேட்டது, காதுக்குக் கேட்கவில்லை. பேட்டரிக் கோளாறு என்று நினைத்தான்.

டப்… இது வடக்கு வாசல் பக்கம்.

டப்… இது முதுகுக்குப் பின்னால்.

தகடுதான் கிடையாதே. ஆணி ஓட்டைதானே இருந்தது.

பிறகு வாடை. கந்தக வாடை இல்லை, பசை வாடை. மைதாவும் பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தமும் போட்டுக் காய்ச்சிய சூட்டோடு இருக்கிற பசை. நம் பைண்டிங்கில் காய்ச்சுவோமே, அதேதான். உங்கள் எல்லோர் மூக்கிலும் இருக்கிற வாடை. அந்த ரூமில் ஆறு வருஷமாக யாரும் பசை காய்ச்சவில்லை.

எழுந்து ஓட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் தவுபிக்கிடம் கேட்டேன். பயம் இருந்திருக்கிறது. ஆனால் ஹெட்போனில், அவன் குரலுக்குப் பின்னால், மெதுவாக… மூன்று பெண்கள் ராகம் கூட்டினார்கள். வார்த்தை இல்லை. வேலை ஓடும்போது வாயை மூடிக்கொண்டு மூக்கால் பாடுவார்களே, அது. அதன் மேல் ஏறி அவன் குரல் போனது. மூன்றாவது பாட்டு வந்தது. அந்த உச்சி வரி வந்தது. பிசிறவில்லை. சுத்தமாக, நூல் பிடித்த மாதிரி மேலே போய் நின்றது.

அந்த நேரத்தில் அவன் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். இப்போது அவளைவிட நான் நன்றாகப் பாடுகிறேன்.

அதனால் எழுந்திருக்கவில்லை.

வலது காதுக்குப் பக்கத்தில், சத்தம் போடாமல், ஒரு பெண் சொன்னாள்.

“நாலு ஆச்சு.”

அவனுக்கு நினைவிருப்பது அதுவரைக்கும்தான்.

காலையில் மெகருன்னிசா, அவன் அம்மா, பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்று தவுபிக்குக்குப் போன் செய்தார். தவுபிக் பாண்டியை எழுப்பினான். எழிலும் சண்முகத்தாயும் கூடவே வந்தார்கள். ஊர்க்காவலன் பின்னால் வந்து சேர்ந்தான்.

நான்கு கதவும் திறந்தே கிடந்தன. செருப்பு வெளியே, படிக்குப் பக்கத்தில், ஜோடியாக இருந்தது. ஹாமித் ரூமின் ஒரு மூலையில் சம்மணம் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. வலது உள்ளங்கை தொடைமேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கை இரண்டும் வெள்ளி நிறம். பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் அப்பினால் வருகிற நிறம்.

நோட்டு இல்லை. அட்டை மட்டும் கிடந்தது.

தாள்கள் எல்லாம் பாதிப் பாதியாகக் கிழிக்கப்பட்டு, குழாய் குழாயாக உருட்டப்பட்டிருந்தன. பசை போட்டு ஒட்டி, காய்ந்து. நான்கு மூலையிலும் நான்கு குவியல். பாண்டி எண்ணினான். குவியலுக்கு நாற்பத்தெட்டு. குழாயின் அடியில் மண் வைத்து இறுக்கியிருந்தது. மேல்வாய் திறந்திருந்தது, மருந்துக்காக. குழாயின் மேல் அவன் கையெழுத்து துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒன்றில் மூன்றாவது பாட்டின் உச்சி வரி, பாதி.

சண்முகத்தாய் ஆறு வருஷம் கழித்து அந்த ரூமுக்கு வருகிறாள். வாசலில் நின்றாள். வெறும் சுவரில் கையை வைத்தாள். முதல் குவியலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, விரலால் வாயைத் தடவினாள்.

“இது மாரித்தாய் கை” என்றாள்.

அடுத்த மூலைக்குப் போனாள். “சுப்புத்தாய்.” அதற்கடுத்த மூலை. “மாடத்தி. இடக்கை, மடிப்பு எதுத்த பக்கமா விழுகும்.” செத்துப்போன மூன்று பேரின் பேர் அதுதான். அவள் குரல் உடையவில்லை, நம் போர்மேன் சரக்குப் பார்த்துச் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

நான்காவது குவியல் ஹாமித்தின் முன்னால் இருந்தது. கோணல் மாணலாக, தளர்ந்து. அது சண்முகத்தாய் உட்கார்ந்த மூலை. அதிலிருந்தும் ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

“புதுக் கை. பழகிக்கிடும்.”

ஊர்க்காவலன் லேப்டாப்பைத் திறந்தான். ஐந்தேகால் மணி நேரம் பதிவாகியிருந்தது. ஹாமித்தின் குரல் அதில் எங்கேயும் இல்லை, ஒரு வரிகூட. பேப்பர் உருட்டுகிற சத்தம் மட்டும். சர்க்… சர்க்… சர்க்… நான்கு ஆள் உருட்டுகிற சத்தம். மூன்று ஆளுக்கு நடுநடுவே கண்ணாடி வளையல் உரசியது. ஒரு ஆளுக்கு வளையல் சத்தம் இல்லை.

ஆல்பம் வந்தது. எழில் பாடியதற்கு ஊர்க்காவலன் வேறொரு டிஸ்கில் நகல் வைத்திருந்தான். பொங்கலுக்கு முந்தின வாரம் வெளியிட்டார்கள். அட்டையை ராம்குமார்தான் அடித்தான், நல்ல தாள். பாடல்கள் ஹாமித் என்று உள்பக்கம் போட்டிருக்கிறது. முன்பக்கப் படத்தில் எழில், பாண்டி, ராம்குமார், ஊர்க்காவலன். அவர்களும் நாலு பேர்தான்.

பிப்ரவரியில் நானும் தவுபிக்கும் ஹாமித்தைப் பார்க்கப் போனோம். டாக்டரிடம் காட்டினார்கள், தூங்க மாத்திரை கொடுத்தார். மற்றபடி சாப்பிடுகிறான், குளிக்கிறான், கேட்டால் பதில் சொல்கிறான். கை நிறம் மட்டும் போகவில்லையாம். எண்ணெய், சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டாயிற்று. மெகருன்னிசா டீ போட்டுத் தட்டில் வைத்துத் தவுபிக் கையில் கொடுத்தார். நான்கு டம்ளர்.

“நாங்க ரெண்டு பேரு, அவன் ஒருத்தன், மூணுதானே மாமி” என்றேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “ஒங்களுக்குத் தனியா போடுதேன், மொதல்ல இத மேல கொண்டுபோங்க” என்றார்.

மாடியில் ஒரே அறை. கதவு திறந்திருந்தது. பகல் மூன்று மணி, நல்ல வெயில், ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வெளிச்சம். ஹாமித் தரையில், சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. இதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன்.

தவுபிக் தட்டோடு வாசல்படியில் ஒரு காலை வைத்தான்.

ஹாமித் திரும்பவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான், வேலை மும்முரத்தில் இருக்கிற ஆள் சொல்வது போல.

“நாலு பேர் ஆயிருச்சு. வெளியவே நில்லுங்க.”

தவுபிக் காலை எடுத்துவிட்டான். தட்டை வாசலில் வைத்தான். நாங்கள் அங்கேயே நின்றோம். எனக்கு ஹாமித்தின் கைகள் தெரிந்தன. இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன, வெள்ளியாக, அசையாமல்.

பேப்பர் உருட்டுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.